பிஆர் மனு நடந்துகொண்டிருக்கும்போது விசிட்டர் விசா போடலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவர் கனடாவில், பிராம்ப்டனில் பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) பெற்று வேலை பார்க்கிறார். மனைவிக்கும் பிஆர் கேட்டு அவர் போட்ட ஸ்பான்சர் மனு ஆறு மாதமாக நடந்துகொண்டிருக்கிறது. பொங்கலை ஒட்டி ஐந்து வாரம் அவரோடு இருந்துவிட்டு வர விசிட்டர் விசா போடலாமா என்பது முதல் கேள்வி. ஊரில் உள்ள ஏஜென்ட், "பிஆர் ஃபைல் போட்டதையே சொல்லாதீங்க, சொன்னா அங்கேயே தங்கிடுவீங்கன்னு ரிஜெக்ட் பண்ணிடுவான்" என்கிறாராம். அது சரியா என்பது இரண்டாவது. விசிட்டர் விசா மறுக்கப்பட்டால் பிஆரும் கையை விட்டுப் போய்விடுமா என்பது மூன்றாவது. அவரை உண்மையில் தூங்கவிடாமல் செய்வது இந்த மூன்றாவதுதான் என்று படுகிறது. குடியேற்ற மனுக்களோடு பல ஆண்டுகள் வேலை செய்த அறிவிலிருந்து எழுதுகிறேன். சட்டத்தில் தெளிவாக இருப்பதைச் சட்டம் என்றும், அதிகாரியின் மனப்போக்கைப் பொறுத்ததை அப்படியே என்றும் பிரித்துச் சொல்கிறேன்.

போடலாம். கனடாவின் குடியேற்றம் மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தில் 22ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு இதற்காகவே இருக்கிறது. நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் ஒருவருக்கு இருக்கிறது என்பதாலேயே அவருக்குத் தற்காலிக விசா மறுக்கப்படக் கூடாது. ஆனால் அனுமதித்த காலம் முடிந்ததும் அவர் திரும்பிப் போவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டும். இதை 'டூயல் இன்டென்ட்', அதாவது இரட்டை நோக்கம் என்பார்கள். இந்த வாக்கியத்தின் இரண்டு பாதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் பாதியை மட்டும் படித்தவர்கள் "சட்டமே அனுமதிக்குது" என்று எந்த ஆதாரமும் வைக்காமல் போட்டு மறுக்கப்படுகிறார்கள். இரண்டாம் பாதியை மட்டும் படித்தவர்கள் பயந்துபோய் உண்மையை மறைக்கிறார்கள்.

அதிகாரி தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகும். "இந்தப் பெண் என்றைக்காவது கனடாவில் வாழ விரும்புகிறாரா?" என்பதற்கு அவருக்குப் பதில் தெரியும், கோப்பிலேயே இருக்கிறது. அவர் யோசிப்பது வேறு: "பிஆர் முடிவு தாமதமானாலோ, நாளைக்கு மறுக்கப்பட்டாலோ, இவர் ஊருக்குத் திரும்பிப் போவாரா, சட்டவிரோதமாகத் தங்கிவிடுவாரா?" நீங்கள் வைக்கும் ஒவ்வொரு தாளும் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். கணவர்மேல் எவ்வளவு பாசம் என்பதை நிரூபிக்கும் கல்யாண ஆல்பமும் வாட்ஸ்அப் உரையாடலும் ஸ்பான்சர் கோப்புக்கு உரியவை. விசிட்டர் மனுவில் அவற்றைக் குவித்தால் "இவர் திரும்ப மாட்டார்" என்ற எண்ணத்தைத்தான் வலுப்படுத்தும். திருமணப் பதிவுச் சான்றின் நகல் ஒன்று போதும்.

மறைப்பது பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் கெட்டுப்போவது ஒரு குடும்பத்தின் ஐந்து ஆண்டுகள். விசிட்டர் விசாப் படிவமான ஐஎம்எம் 5257இல் பின்னணி விவரப் பகுதியில், இதற்கு முன் கனடாவுக்குள் நுழையவோ தங்கவோ விண்ணப்பித்ததுண்டா என்று நேராகவே கேட்கிறார்கள். பிஆர் மனு போட்ட ஒருவர் அதற்கு "இல்லை" என்று குறித்தால் அது பொய். பக்கத்திலேயே, கனடாவோ வேறு எந்த நாடோ விசா மறுத்ததுண்டா என்ற கேள்வியும் இருக்கிறது. சட்டத்தின் 40ஆம் பிரிவு தவறான தகவலையும் முக்கியமான உண்மையை மறைப்பதையும் ஒன்றாகவே பார்க்கிறது. தண்டனை ஐந்து ஆண்டுத் தடை. அந்த ஐந்து ஆண்டும் பிஆருக்குக்கூட விண்ணப்பிக்க முடியாது. சும்மா ஒரு விசிட்டர் விசா மறுக்கப்பட்டால் அந்தச் செலவோடு போகும். மறைத்து மாட்டிக்கொண்டால் இப்போது நல்லபடியாக நடந்துகொண்டிருக்கும் ஸ்பான்சர் மனுவும் சேர்ந்து போகும்.

மறைக்க முடியும் என்று நினைப்பதே தவறு. பிஆர் மனு ஏற்கப்பட்டதற்கான கடிதத்தில் உங்களுக்கென்று ஒரு வாடிக்கையாளர் எண் கொடுத்திருப்பார்கள், யுசிஐ என்பார்கள். உங்கள் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் வைத்து விசிட்டர் மனு அதே எண்ணின் கீழ்தான் போய்ச் சேரும். விசாப் படிவமே கணவரின் விவரத்தைக் கேட்கிறது. குடும்ப விவரப் படிவம் அவர் இருக்கும் முகவரியையும் கேட்கிறது. பிராம்ப்டன் என்று எழுதிவிட்டு, அவர் உங்களுக்கு ஸ்பான்சர் போடவில்லை என்று யார் நம்புவார்கள்? இன்னொன்றும் உண்டு. 2023 மே மாதம் கனடாவின் குடியேற்ற அமைச்சகம், ஸ்பான்சர் மனு நிலுவையில் உள்ள கணவன் மனைவியரின் விசிட்டர் விசாக்களைத் தனியாகக் கவனித்து விரைவாக முடிவு செய்யப்போவதாக அறிவித்தது. பிரிந்திருக்கும் தம்பதியர் இடையில் சந்தித்துக்கொள்வதை அரசே எதிர்பார்க்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பிஆர் ஃபைலை மறைப்பவர், தனக்குச் சாதகமாகக்கூடிய ஒரே விஷயத்தைத் தானே தூக்கி எறிகிறார்.

ஏஜென்ட் ஏன் அப்படிச் சொல்கிறார்? பெரும்பாலும் அமெரிக்க விசாவை வைத்துக் கற்றுக்கொண்ட பாடம் அது. அங்கே விதி வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். காசு வாங்கிக்கொண்டு கனடாக் குடியேற்றம் பற்றி ஆலோசனை சொல்லவும் மனு போடவும் உரிமை உள்ளவர்கள் முக்கியமாகக் கனடாவில் பதிவுபெற்ற வழக்கறிஞர்களும், ஆர்சிஐசி என்ற உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகர்களும். உரிமம் உள்ளவரா என்பதை ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் 'காலேஜ்' என்ற அமைப்பின் இணையதளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். உரிமம் இருந்தால் ஐஎம்எம் 5476 என்ற பிரதிநிதிப் படிவத்தில் அவர் கையெழுத்திடுவார். அதில் கையெழுத்திட மறுத்து, தன் மின்னஞ்சலையே உங்கள் மின்னஞ்சலாகப் போட்டு, நீங்களே விண்ணப்பித்தது போலக் காட்டுபவரிடமிருந்து ஃபைலை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பின்னால் விளக்கம் கேட்டு வரும் கடிதம் அவருடைய இன்பாக்ஸில் போய்த் தூங்கும். பதில் சொல்லும் கெடு முடிந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். யார் நிரப்பினாலும் பொறுப்பு உங்களுடையது. அனுப்பிய படிவத்தின் பிடிஎஃப் நகலைக் கேட்டு வாங்கி, பின்னணிக் கேள்விகளை வரிவரியாகப் படியுங்கள்.

ஏற்கெனவே அப்படி "இல்லை" என்று குறித்து அனுப்பியாகிவிட்டது என்றால் பதற வேண்டாம், ஆனால் தள்ளியும் போட வேண்டாம். முடிவு வருவதற்கு முன் அமைச்சகத்தின் வெப்ஃபார்ம் (இணையதளத்தில் உள்ள தொடர்புப் படிவம்) வழியாக, இந்தக் கேள்விக்குத் தவறான பதில் போய்விட்டது, சரியான பதில் இது, ஸ்பான்சர் மனு எண் இது என்று நான்கு வரியில் எழுதித் திருத்துங்கள். தானாக முன்வந்து திருத்துவதற்கும், அவர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு விளக்குவதற்கும் நடுவில் பெரிய தூரம். திருத்திய பிறகும் சந்தேகக் கடிதம் வந்தால் அது உரிமம் உள்ள ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ போக வேண்டிய விஷயம். நீங்களாகப் பதில் எழுதாதீர்கள்.

இனி ஆதாரங்கள். திரும்பி வருவீர்கள் என்பதற்கு முதல் இடம் வேலைக்கு. "இவர் எங்களிடம் பணிபுரிகிறார்" என்ற ஒற்றை வரிக் கடிதம் பயனற்றது. சேர்ந்த தேதி, பதவி, மாதச் சம்பளம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விடுப்பு, எந்தத் தேதியில் மீண்டும் பணியில் சேர வேண்டும் ஆகியவை எழுதி, கையெழுத்துப் போட்டவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்கும், வருமான வரித் தாக்கல் இரண்டு ஆண்டுக்கும் வையுங்கள். அரசுப் பள்ளி ஆசிரியர் போல அரசுப் பணியில் இருப்பவர்கள் வெளிநாடு போகத் துறையின் முன் அனுமதி வாங்க வேண்டும். அந்த ஆணையின் நகலே மிக வலுவான சான்று, ஏனென்றால் திரும்பாவிட்டால் வேலை போகும் என்பதை அது சொல்லாமல் சொல்கிறது. ஆணை வரத் தாமதமாகும், அதனால் முதலில் அதற்கு எழுதிக் கொடுங்கள். வேலையில் இல்லாதவர்கள் வேலை இருப்பதுபோல் ஒரு கடிதத்தை விலைக்கு வாங்கக் கூடாது, தொலைபேசியில் சரிபார்ப்பார்கள். படிப்பு நடந்துகொண்டிருந்தால் கல்லூரியின் சான்றும் அடுத்த பருவத் தேர்வு அட்டவணையும், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர் என்றால் அவர்களின் மருத்துவச் சீட்டும் நீங்கள் ஒரே வீட்டில் இருப்பதைக் காட்டும் குடும்ப அட்டையும் வைக்கலாம்.

சொத்து ஆவணத்தில் நம்மூரில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. பண்ருட்டிப் பக்கம் முந்திரித்தோப்பு இருக்கும், பட்டா தாத்தா பெயரில் இருக்கும். அதை வைத்து "எனக்கு ஐந்து ஏக்கர்" என்று எழுதினால், பெயர் பொருந்தாத தாளாக அது ஒதுக்கப்படும். உங்கள் பெயர் உள்ள பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று இருந்தால் மட்டும் வையுங்கள். கூட்டுப் பட்டா என்றால் அதைச் சொல்லியே வையுங்கள். பெற்றோர் சொத்தை "பெற்றோருடையது" என்று எழுதி வைப்பதில் தவறில்லை. ஆடிட்டர் கொடுக்கும் சொத்து மதிப்புச் சான்று தனியாக நின்றால் வலுவில்லை, அடியில் மூல ஆவணம் இருக்க வேண்டும். பணத்துக்கு ஆறு மாத வங்கி அறிக்கை போதும். விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்னால் நான்கு லட்சம் திடீரென்று விழுந்திருந்தால் அது பலவீனம். நகைக்கடனோ, சீட்டு எடுத்த பணமோ, அப்பா கொடுத்ததோ, அதற்கான ரசீதை வைத்து ஒரு வரி விளக்கம் எழுதினால் சரியாகிவிடும். விளக்கம் இல்லாத பெரிய தொகையைவிட விளக்கம் உள்ள சிறிய தொகை மேல்.

தமிழில் உள்ள எந்தத் தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். நீங்களோ, உறவினரோ, உங்கள் ஏஜென்டோ மொழிபெயர்க்கக் கூடாது. சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் கிடைக்காவிட்டால், மொழிபெயர்த்தவர் நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். மூலத்தின் நகலும் கூடவே போக வேண்டும். பட்டாவை மொழிபெயர்ப்பவர்கள் ஹெக்டேர், ஏர் அளவுகளை ஏக்கராக மாற்றும்போது தப்புச் செய்வது வழக்கம், ஒருமுறை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெயர் விஷயம் தமிழர்களுக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், கனடாப் படிவத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, இயற்பெயர் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அமெரிக்கப் படிவத்தில் அந்தக் காலிக் கட்டத்தில் எஃப்என்யு ('முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று நிரப்புவார்கள். ஸ்பான்சர் மனுவில் ஒரு மாதிரியும் விசிட்டர் மனுவில் வேறு மாதிரியும் எழுதினால், ஒரே ஆளுக்கு இரண்டு எண் உருவாகி ஃபைல் சிக்கிக்கொள்ளும். திருமணச் சான்றில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருந்தால், மூவரும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழி ஒன்று எடுத்து இரண்டு மனுவிலும் அதையே வையுங்கள்.

கூடவே ஒரு கடிதம் எழுத வேண்டும், ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. முதல் பத்தியிலேயே ஸ்பான்சர் மனுவின் எண்ணையும் அது போட்ட தேதியையும் சொல்லிவிடுங்கள். அதிகாரி கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொன்னதாக ஆகும். இரண்டாவதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை ஏன் போகிறீர்கள் என்று எழுதுங்கள்: கணவருக்கு இந்த நாட்களில் விடுமுறை, திருமணமாகி இத்தனை மாதமாகப் பிரிந்திருக்கிறோம் என்பது நியாயமான காரணம், வேறு கதை கட்ட வேண்டாம். மூன்றாவதில் ஊரில் உங்களுக்காகக் காத்திருப்பது என்ன, எந்தத் தேதியில் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது. நான்காவதுதான் உயிரானது, பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான்: பிஆர் முடிவு நான் அங்கிருக்கும்போது வராவிட்டாலும், மறுக்கப்பட்டாலும், அனுமதித்த காலத்துக்குள் கடலூர் திரும்புவேன், 22ஆம் பிரிவின்படி இரட்டை நோக்கத்தோடு விண்ணப்பிக்கிறேன் என்று தெளிவாக எழுதுங்கள். கேட்கும் காலம் குறைவாக இருப்பது நல்லது. ஐந்து வார விடுப்புக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் கேட்பவர்கள் தங்கள் மனுவைத் தாங்களே முறிக்கிறார்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதானால் மருத்துவப் பரிசோதனையும் சேரும். குறுகிய பயணத்தில் அந்தத் தொல்லை இல்லை.

கணவர் பக்கத்திலிருந்து அழைப்புக் கடிதம், பிஆர் அட்டையின் நகல், வேலைச் சான்று, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வரித்துறை கொடுக்கும் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை, வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகியவை வந்தால் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை. அவர் பிஆர் மட்டும் பெற்றவர், குடிமகன் அல்ல. அப்படிப்பட்டவர் ஸ்பான்சர் மனு முடியும்வரை கனடாவில் வசித்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுக்கு விசா கிடைக்கவில்லை என்று அவர் வேலையை விட்டுவிட்டுக் கடலூரில் மாதக்கணக்கில் வந்து தங்கினால் ஸ்பான்சர் தகுதியே கேள்விக்குள்ளாகும். விடுமுறைக்கு வந்து போவதில் பிரச்சினை இல்லை.

கட்டணம் விசாவுக்கு 100 கனடிய டாலர், பயோமெட்ரிக்குக்கு 85. விரல்ரேகை ஒருமுறை கொடுத்தால் தற்காலிக விசாக்களுக்குப் பத்து ஆண்டு செல்லும், அதனால் முன்பே கொடுத்தவர்கள் இணையதளத்தில் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நம் பகுதிக்காரர்களுக்கு மையம் சென்னையில்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். விசிட்டர் விசா மறுக்கப்பட்டால், அதன் காரணமாக ஸ்பான்சர் மனு மறுக்கப்படாது. இரண்டின் அளவுகோலும் வேறு. விசிட்டர் மனுவில் பார்ப்பது திரும்புவீர்களா என்பது. ஸ்பான்சர் மனுவில் பார்ப்பது திருமணம் உண்மையானதா, கணவருக்குத் தகுதி இருக்கிறதா, குற்றம், உடல்நலம் போன்ற தடை உங்களுக்கு உண்டா என்பவை. சொல்லப்போனால், கணவரைப் பார்க்கப் போக முயன்றது திருமணம் உண்மையானது என்பதோடு ஒத்துப்போகிற செயல்தான். ஆனால் இரண்டு ஃபைலிலும் உள்ள தகவல்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஸ்பான்சர் மனுவில் "வேலையில் இல்லை", விசிட்டர் மனுவில் "இரண்டு ஆண்டாகத் தனியார் பள்ளி ஆசிரியை" என்று இருந்தால் அங்கே சிக்கல் பிறக்கும். ஆகவே ஸ்பான்சர் மனுவின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விசிட்டர் படிவத்தை நிரப்புங்கள். வேலைத் தேதி, முகவரி, பயண வரலாறு எல்லாம் மாதம் வரை ஒத்துப்போக வேண்டும். மறுக்கப்பட்டால் அந்த விவரத்தை ஸ்பான்சர் ஃபைலுக்கும் வெப்ஃபார்மில் தெரிவித்துவிடுங்கள்.

மறுப்புக் கடிதத்தில் சில சமயம் அச்சடித்த மாதிரி இரண்டு மூன்று வரிதான் இருக்கும்: 179ஆம் விதியின்படி நீங்கள் திரும்புவீர்கள் என்று நம்பிக்கை ஏற்படவில்லை, குடும்பப் பிணைப்பு, பயண நோக்கம் என்று. அதை வைத்துக்கொண்டு மறுநாளே அதே தாள்களோடு மீண்டும் போட்டால் அதே பதில்தான் வரும். அதிகாரி உண்மையில் என்ன எழுதிவைத்தார் என்பது ஜிசிஎம்எஸ் என்ற அமைச்சகக் கணினிப் பதிவின் குறிப்பில் இருக்கும். கனடாவில் இருக்கும் உங்கள் கணவர், உங்கள் ஒப்புதல் படிவத்தோடு, ஐந்து டாலர் கட்டி அதைத் தகவல் பெறும் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். சட்டப்படி முப்பது நாள், சில சமயம் நீளும். அதைப் படித்து, விடுபட்டது எதுவோ அதைச் சேர்க்க முடிந்தால் மட்டுமே மறுபடி போடுங்கள்.

விசா கிடைத்தால் வேலை பாதிதான் முடிந்தது. விமான நிலையத்தில் எல்லைச் சேவை அதிகாரி மீண்டும் கேட்பார். அங்கேயும் "கணவரைப் பார்க்க ஐந்து வாரம், ஸ்பான்சர் மனு நடக்கிறது, இந்தத் தேதியில் திரும்புகிறேன்" என்ற அதே உண்மைதான். திரும்பும் டிக்கெட், விடுப்புக் கடிதம், மனு ஏற்புக் கடிதத்தின் நகல் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். அசல் டிகிரிச் சான்றிதழ்கள், பத்து பிரதி பயோடேட்டா, சீர்வரிசைப் பாத்திரம் எல்லாவற்றையும் ஐந்து வாரப் பயணத்தில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். பெட்டியும் சாட்சி சொல்லும். முத்திரையில் தேதி எழுதாவிட்டால் ஆறு மாதம் என்று பொருள். விசாவில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி உள்ளே நுழைவதற்கான கடைசி நாள், தங்கும் காலம் அது அல்ல. உள்ளே இருக்கும்போது சூழ்நிலை மாறினால், காலம் முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை சட்டப்படி இருக்கலாம். ஒர்க் பெர்மிட் கைக்கு வராமல் ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது, கையில் காசாகக் கொடுத்தாலும்தான். மாகாண மருத்துவக் காப்பீடு விசிட்டருக்குக் கிடையாது என்பதால் பயண மருத்துவக் காப்பீடு எடுத்துப் போவது புத்திசாலித்தனம்.

"உள்ளே போனதும் வெளி மனுவை வாபஸ் வாங்கிவிட்டு, உள்நாட்டு மனுவாகப் போடு" என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். வெளிநாட்டிலிருந்து போட்ட குடும்ப வகை மனு மறுக்கப்பட்டால் கணவர் குடியேற்ற மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். உள்நாட்டு வகைக்கு அந்த உரிமை இல்லை, நடுவில் ஊருக்கு வந்தால் மீண்டும் உள்ளே விடுவார்கள் என்ற உறுதியும் இல்லை. ஆறு மாதம் நடந்த ஃபைலைக் கலைப்பது என் பார்வையில் நஷ்டம். அதேபோல் பிஆர் முடிவு நெருங்கி, பாஸ்போர்ட் அனுப்பச் சொல்லும் கட்டத்துக்கு வந்துவிட்டால் விசிட்டர் விசாவுக்குப் பணம் கட்டுவது வீண். சில வாரம் பொறுத்து ஒரேயடியாகப் போகலாம்.

இதே கேள்வியை வேறு நாடுகளுக்குப் பொருத்திப் பார்ப்பவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே 214(பி) பிரிவின்படி, பி1/பி2 விசிட்டரும் எஃப்1 மாணவரும் குடியேற வருபவர் என்றே முதலில் கருதப்படுவார். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. இரட்டை நோக்கம் வெளிப்படையாக அனுமதிக்கப்படுவது ஹெச்-1பி, எல்-1 என்ற வேலை விசாக்கள் போன்ற சில வகைகளுக்குத்தான். அதனால் கிரீன் கார்டு உள்ள கணவர் ஐ-130 என்ற குடும்பக் குடியேற்ற மனு போட்டிருக்கும் மனைவிக்கு விசிட்டர் விசா கிடைப்பது கடினம். அதற்காக மறைத்தால் விளைவு இன்னும் மோசம்: உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டதுண்டா என்று டிஎஸ்-160 என்ற விசாப் படிவம் நேராகக் கேட்கிறது, பொய்க்குத் தண்டனை வாழ்நாள் தடை, விலக்கு கிடைப்பது எளிதல்ல. அண்ணனோ அக்காவோ பல ஆண்டு முன் போட்ட சகோதர வகை மனு இருந்தால் "ஆம்" என்றே குறியுங்கள். இந்தியர்களுக்கு அந்த வரிசை பதினைந்து ஆண்டுக்கும் மேல் நீள்வது அதிகாரிக்கே தெரியும். இங்கே வேலை, குடும்பம் எல்லாம் ஊன்றியிருப்பவருக்கு அது மட்டுமே தடையாவதில்லை. அமெரிக்காவுக்குள் இருந்து ஐ-485 என்ற கிரீன் கார்டு மனு போட்டவர்கள், ஹெச்-1பி, எல்-1 போன்ற நிலையில் இல்லாவிட்டால், அட்வான்ஸ் பரோல் என்ற முன் பயண அனுமதி வாங்காமல் வெளியே வந்தால் அந்த மனு கைவிடப்பட்டதாகிவிடும். தங்கை கல்யாணத்துக்கு அவசரமாக டிக்கெட் எடுப்பதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் விசிட்டர் விசா கிடைத்தால், அனுமதிக் கடிதத்தில் 8503 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே இருந்துகொண்டு வேறு விசாவுக்குப் போட முடியாது, சில விதிவிலக்கு தவிர. மாணவர் விசாவில் 2024 மார்ச் முதல் பழைய 'தற்காலிக நுழைவு' நிபந்தனைக்குப் பதிலாக 'உண்மையான மாணவர்' நிபந்தனை வந்திருக்கிறது. பின்னால் பிஆர் பெறும் ஆசை இருப்பது மட்டுமே இப்போது குற்றமாகப் பார்க்கப்படுவதில்லை. அடுத்த விசாவின் முடிவு வரும்வரை அங்கே தங்கக் கொடுக்கும் பிரிட்ஜிங் விசா ஏ வைத்திருப்பவர் ஊருக்கு வருவதற்கு முன் பிரிட்ஜிங் விசா பி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அது அங்கேயே முடிந்துபோகும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு பிரான்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த, 1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்கள் இங்கே அத்தனை இருக்கின்றன. பிரெஞ்சுக் குடிமகனை இங்கே மணந்தவர், திருமணத்தைத் துணைத் தூதரகப் பதிவேட்டில் ஏற்றிய பிறகு நீண்டகால விசாவுக்கே நேராகப் போகலாம்; அதற்கு விசாக் கட்டணமும் கிடையாது. போய்ச் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதிப்படுத்த வேண்டும். பதிவு தாமதமாகிறது என்று ஷெங்கன் என்ற 90 நாள் ஐரோப்பியக் குறுகியகால விசாவில் போய் அங்கேயே தங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டால், திரும்பும் எண்ணத்தில் ஐயம் என்ற கட்டத்தில் டிக் விழுந்து வரும். பெற்றோர் விஷயத்தில் இன்னும் நுட்பமான பொறி இருக்கிறது. மகனையே சார்ந்திருக்கும் பெற்றோர் என்று நீண்டகால விசாவுக்குப் போடும்போது "எனக்கு வருமானம் இல்லை, மகன் அனுப்பும் பணத்தில்தான் வாழ்கிறேன்" என்று காட்ட வேண்டும். ஷெங்கனுக்கோ "எனக்கு ஓய்வூதியம் உண்டு, வீட்டு வாடகை வருகிறது, திரும்பி வருவேன்" என்று காட்டத் தோன்றும். இரண்டு ஃபைலும் ஒரே அலுவலகத்தில் இருக்கும். ஒன்று மற்றதைக் கொன்றுவிடும். எந்த வழி என்று முதலில் முடிவு செய்துகொண்டு, இரண்டிலும் உண்மை எதுவோ அதை மட்டும் வையுங்கள்.

சட்டப் பிரிவுகள், படிவக் கேள்விகள், தடைக் காலம் ஆகியவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் மனு ஏற்கப்படுமா என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஒரே மாதிரி ஆவணம் வைத்த இருவரில் ஒருவருக்குக் கிடைத்து மற்றவருக்கு மறுக்கப்படுவது நடக்கிறது. "நூறு சதவீதம் கேரண்டி" என்று பணம் கேட்பவரை அந்த ஒரு சொல்லுக்காகவே நம்ப வேண்டாம். கட்டணமும் படிவ எண்ணும் அவ்வப்போது மாறும், போடும் நாளில் அரசின் இணையதளத்தில் ஒருமுறை பாருங்கள். உங்கள் ஃபைலை நான் பார்க்கவில்லை. முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுப்போ, காலம் கடந்து தங்கியதோ, காவல்துறை வழக்கோ, இருவரில் ஒருவருக்கு இதற்கு முன் வேறு திருமணமோ இருந்தால், மேலே எழுதியது போதாது. உரிமம் உள்ளவரிடம் முழு ஃபைலையும் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், பொங்கலுக்கு இருக்கும் நாளைக் கணக்கிட்டு, இந்த வாரமே விடுப்புக் கடிதத்துக்கு எழுதிக் கொடுங்கள். ஏஜென்டிடம் இருக்கும் ஸ்பான்சர் மனுவின் முழு நகலையும் கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லாமல் விசிட்டர் படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூட நிரப்ப வேண்டாம்.